ஐஸ் பிளாண்ட் கம்ப்ரசரும் பாதி லோடும்

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்பிடித் தடைக்காலம். மீனவர்களுக்கு அது என்ன பண்ணுதுன்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க. துறைமுகத்துக்குப் பின்னாடி, மதில் சுவருக்குள்ள ஓடிக்கிட்டிருக்கும் ஐஸ் கம்பெனிக்கு என்ன ஆகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? தினமும் 700 பார் ஐஸ் போன இடத்தில் நாட்டுப்படகுக்காரர்களும் மார்க்கெட் வியாபாரிகளும் சேர்ந்து 150 பார் எடுத்தால் பெரிசு. ஆனால் உள்ளே இருக்கும் கம்ப்ரசர் அதேதான். அதே ஆறு சிலிண்டர், அதே மோட்டார், அதே வேகம். பாதிக்கும் கீழே வேலை இருக்கும்போது முழு மெஷினை எப்படி ஓட்டுவது? இதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் இது ஒரு அட்டவணையில் முடிந்துவிடும். எனக்கு அந்த அட்டவணையில் திருப்தி இல்லை. எந்த முறை எந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்கும், எது மெஷினைக் கெடுக்கும் என்பதை அது சொல்லுவதில்லை.

முதலில் ஒரு அடிப்படை. பிஸ்டன் கம்ப்ரசர் என்பது கன அளவை நகர்த்தும் மெஷின். எடையை இல்லை, கன அளவை. கிராங்க் ஷாப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிஸ்டனும் தன் சிலிண்டர் அளவுக்கு கேஸை இழுத்துத் தள்ளும். அந்த கேஸ் கனமானதா லேசானதான்னு பிஸ்டனுக்குத் தெரியாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 160 மில்லிமீட்டர் போர், 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர், நிமிஷத்துக்கு 750 சுற்று. ஒரு சிலிண்டர் 2.2 லிட்டர். ஆறுக்கும் 13.3 லிட்டர். 750-ஆல் பெருக்கி 60-ஆல் பெருக்கினால் மணிக்கு ஏறக்குறைய 600 கன மீட்டர். சாதாரண ஐஸ் பிளாண்டில் அம்மோனியா மைனஸ் 15 டிகிரியில் ஆவியாகும். அந்த ஆவி ஒரு கிலோ, 0.508 கன மீட்டர் இடம் பிடிக்கும். வால்வில், சூட்டில், கிளியரன்ஸில் போவது போக முக்கால் பங்குதான் உண்மையில் உள்ளே வரும்னு வைத்துக்கொண்டால் மணிக்கு 880 கிலோ அம்மோனியா. கண்டென்சர் 40 டிகிரியில் இருந்தால் ஒரு கிலோ அம்மோனியா ஏறக்குறைய 1,050 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மொத்தம் 258 கிலோவாட் குளிர்ச்சி, அதாவது 73 டன். (இந்த 'டன்' குளிர்ச்சிக் கணக்கு, 1 டன் என்பது 3.517 கிலோவாட். எடை டன்னோடு குழப்பிக்க வேண்டாம்.) இதுக்கு ஷாப்ட்டில் ஏறக்குறைய 93 கிலோவாட் வேணும்.

இப்போ ஐஸ் பக்கம். 30 டிகிரி தண்ணியை 0-க்குக் கொண்டு வந்து, உறைய வைத்து, இன்னும் எட்டு டிகிரி இறக்க ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 477 கிலோஜூல். ஒரு நாளைக்கு ஒரு எடை டன் ஐஸ் என்றால் 1.57 டன் குளிர்ச்சி. 50 கிலோ பார் 700 போட்டால் 35 எடை டன், அதுக்கு 55 டன் குளிர்ச்சி. பிரைன் தொட்டி வழியா உள்ளே வரும் சூடு, பிரைனைக் கலக்கும் மோட்டார் எல்லாம் சேர்த்து ஒரு 10 டன் வைங்க. 73 டன் மெஷின் சீசனில் மூச்சு முட்டாமல் ஓடும். தடைக்காலத்தில் 150 பார்: 12 டன், அதோட அதே 10 டன். ஏன்னா தொட்டி வழியா வரும் சூடு வியாபாரம் குறைஞ்சதுன்னு குறையாது. மொத்தம் 22 டன். மெஷினுடைய சக்தியில் 30 சதவீதம்.

ஒண்ணுமே செய்யாமல் விட்டால்? கம்ப்ரசர் வழக்கம்போல மணிக்கு 600 கன மீட்டர் இழுக்கும். காயிலில் அந்த அளவுக்கு அம்மோனியா கொதிக்கச் சூடு இல்லை. அதனால் சக்ஷன் பிரஷர் இறங்கும். இறங்க இறங்க ஆவி லேசாகும், ஒரு கன மீட்டருக்கு எடை குறையும், கம்ப்ரசர் இழுக்கும் கிலோ குறையும். எங்கேயோ ஓரிடத்தில் இரண்டும் சமன்பட்டு நிற்கும். அதாவது கம்ப்ரசர் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும், ஆனால் ரொம்ப மோசமான வழியில். மைனஸ் 15-ல் கேஜில் 20 பவுண்டுக்குப் பக்கத்தில் காட்டிய முள், மைனஸ் 25-ல் 7 பவுண்டுக்கு வந்துவிடும். ஒரு கிலோ ஆவி 0.508-க்குப் பதிலா 0.77 கன மீட்டர் பிடிக்கும். கண்டென்சர் பக்கம் 15.5 பார் அப்படியே இருக்கு. அழுத்த விகிதம் 6.6-லிருந்து 10-ஐத் தாண்டும். அம்மோனியாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அமுக்கினால் ரொம்பச் சூடாகும். 6.6 விகிதத்திலேயே டிஸ்சார்ஜ் கேஸ் 120 டிகிரியைத் தாண்டும். 10-ல் 150-ஐ எட்டும். அந்தச் சூட்டில் ஆயில் கருகி டிஸ்சார்ஜ் வால்வ் பிளேட்டில் கரியாகப் படியும். வால்வ் சரியா மூடாது. மூடாத வால்வ் வழியா சூடான கேஸ் திரும்ப சிலிண்டருக்குள் வரும், இன்னும் சூடாகும். இன்னும் கீழே இறங்கி கேஜ் 0-க்குக் கீழே போனால் (அம்மோனியாவுக்கு அது மைனஸ் 33) ஷாப்ட் சீல் வழியா வெளிக்காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். எல்.பி. கட்அவுட் ஒழுங்கா வேலை செய்தால் அதுக்கு முன்னாடியே மெஷின் நிற்கும். 'ஒழுங்கா வேலை செய்தால்' என்பதை அடிக்கோடு போட்டு வாசிங்க.

நூறு வருஷத்துக்கு முன்னாடி இது பெரிய பிரச்சினையா இல்லை. 1870-களில் லிண்டே அம்மோனியா கம்ப்ரசர் செய்த காலத்தில் அதை ஓட்டியது நீராவி எஞ்சின். லோடு குறைந்தால் நீராவியைக் குறைத்தால் போதும், எஞ்சின் மெதுவா சுற்றும், கம்ப்ரசரும் மெதுவா சுற்றும். ஒரே வேகத்தில் பிடிவாதமா சுற்றும் இண்டக்‌ஷன் மோட்டார் வந்தபிறகுதான், வேகத்தை மாற்றாமல் சக்தியை எப்படிக் குறைப்பதுன்னு தனியா யோசிக்க வேண்டி வந்தது.

செய்யக் கூடாத இரண்டு

ஆபரேட்டர்கள் கையில் எளிதா கிடைப்பது சக்ஷன் ஸ்டாப் வால்வ். அதைக் கொஞ்சம் மூடினால் ஆம்பியர் குறையும், 'லோடு குறைச்சுட்டேன்' என்பார்கள். குறைஞ்சது உண்மைதான். ஆனால் காயிலில் பிரஷர் நல்லா இருக்கும்போது கம்ப்ரசர் வாசலில் மட்டும் பிரஷரை வேணும்னே இறக்குறோம். மேலே சொன்ன அத்தனை கெடுதலையும் காயில் செய்யாமலே நாம் கையால் செய்கிறோம். குளிர்ச்சி குறையும் அளவுக்கு கரண்ட் குறையாது, தலை சூடேறும். ஒரே கம்ப்ரசரில் ஒரு அறை 0 டிகிரியும் இன்னொரு அறை மைனஸ் 20-ம் ஓடும்போது, அதிகச் சூடான அறையின் காயிலுக்குப் பின்னால் பிரஷர் ரெகுலேட்டர் வைப்பது வேற விஷயம். அது அந்த அறையைக் காப்பாற்ற. கம்ப்ரசரைக் குறைக்க இல்லை.

இரண்டாவது, ஹாட் கேஸ் பைபாஸ். அமுக்கிய கேஸில் ஒரு பங்கை அப்படியே திரும்ப சக்ஷன் பக்கம் விடுவது. போலியா லோடு கொடுப்பது மாதிரி. சக்ஷன் பிரஷர் இறங்காமல் நிற்கும், ரொம்ப நுணுக்கமா கட்டுப்படுத்தலாம், படிப்படியா இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அமுக்கிய வேலை அத்தனையும் வீண். 30 சதவீதக் குளிர்ச்சிக்கு 100 சதவீத கரண்ட். ஆய்வகத்தில் ஒரு பெட்டியின் வெப்பநிலை அரை டிகிரி ஆடக் கூடாது என்றால் வைக்கலாம். அப்பவும் அந்தச் சூடான கேஸை எக்ஸ்பான்ஷன் வால்வுக்கும் காயிலுக்கும் நடுவில் விடணும், நேரா கம்ப்ரசர் வாயில் விட்டால் சூட்டிலேயே செத்துப்போகும். ஐஸ் பிளாண்டில் இதுக்கு இடமே இல்லை.

சிலிண்டருக்கு லீவு

சரியான வழி என்று பெரும்பாலும் சொல்லப்படுவது சிலிண்டர் அன்லோடிங். இதைப் புரிஞ்சுக்க சக்ஷன் வால்வ் எப்படி உட்கார்ந்திருக்குன்னு தெரியணும். பெரிய அம்மோனியா மெஷினில் சிலிண்டர் என்பது பாடிக்குள்ளே இறக்கி வைத்த ஒரு லைனர். லைனரைச் சுற்றி சக்ஷன் அறை. லைனரின் மேல் விளிம்பில் வட்டமா துளைகள், அந்தத் துளைகளை மேலிருந்து மூடி உட்கார்ந்திருப்பது மோதிரம் மாதிரி ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அதுதான் சக்ஷன் வால்வ் பிளேட். பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே அழுத்தம் குறையும், தகடு ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ எழும்பும், கேஸ் நுழையும். பிஸ்டன் மேலே வரும்போது தகடு பட்டென்று உட்காரும், கேஸ் அமுங்கும், டிஸ்சார்ஜ் வால்வைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். நிமிஷத்துக்கு 750 தடவை.

அன்லோடர் செய்வது ஒரே ஒரு வேலை. அந்தத் தகட்டை உட்கார விடாமல் கீழிருந்து சின்னச் சின்ன பின்களால் தூக்கிப் பிடிக்கும். அவ்வளவுதான். பிஸ்டன் வழக்கம்போல இறங்கும், கேஸ் வரும். ஏறும், ஆனால் வாசல் திறந்தே இருக்கு, வந்த கேஸ் வந்த வழியே சக்ஷன் அறைக்குத் திரும்பிப் போகும். அமுங்கவே அமுங்காது. டிஸ்சார்ஜ் வால்வ் மேலே இருக்கும் அழுத்தத்தால் மூடியே இருக்கும். அந்தச் சிலிண்டர் ஓடுது, ஆனால் வேலை செய்யலை.

பின்களைத் தூக்குவது லைனரைச் சுற்றி இருக்கும் ஒரு வளையம். அதைத் திருப்புவது ஒரு சின்ன ஹைட்ராலிக் பிஸ்டன். அதுக்கு அழுத்தம் கம்ப்ரசரின் சொந்த ஆயில் பம்பிலிருந்து. இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம். பெரும்பாலான அம்மோனியா மெஷின்களில் ஆயில் பிரஷர் வந்தால்தான் சிலிண்டர் லோடு ஆகும்; பிரஷர் இல்லாவிட்டால் ஸ்பிரிங் பின்களை மேலே தள்ளி அன்லோடு ஆக்கிவிடும். ஏன் இப்படித் தலைகீழா? மெஷின் நிற்கும்போது ஆயில் பம்ப்பும் நிற்கும், எல்லாச் சிலிண்டரும் தானாகவே அன்லோடு. ஸ்டார்ட் பண்ணும்போது மோட்டாருக்கு பாரமே இல்லை, ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரே போதும். வேகம் பிடித்து, ஆயில் ஏறி, பேரிங் எல்லாம் நனைந்த பிறகுதான் ஒவ்வொரு ஜோடியா வேலைக்கு வரும். ஓடும்போது ஆயில் பம்ப் செத்தாலும் மெஷின் தன் பாரத்தைத் தானே இறக்கி வைத்துவிடும். யாரோ ரொம்ப நிதானமா யோசிச்சுச் செய்த ஏற்பாடு.

ஆறு சிலிண்டரை இரண்டிரண்டா பிரித்தால் 33, 66, 100 என மூன்று படி. எட்டு சிலிண்டரில் 25, 50, 75, 100. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சோலினாய்டு வால்வ். பழைய மெஷினில் கையால் திருப்பும் ஒரு குமிழ். சின்ன செமி ஹெர்மெடிக் மெஷின்களில் பின், வளையம் எல்லாம் வைக்க இடம் இல்லை. அங்கே தலைக்குள்ளேயே ஒரு வால்வ் வைத்து அந்த ஜோடிச் சிலிண்டருக்குப் போகும் சக்ஷன் வழியை அடைத்துவிடுவார்கள். உள்ளே கேஸே வராது, பிஸ்டன் சும்மா ஏறி இறங்கும். பலன் ஒண்ணுதான்.

இனி கணக்கு. 33 சதவீதம் குளிர்ச்சி கொடுத்தால் 33 சதவீதம் கரண்ட் ஆகுமா? ஆகாது. லீவில் இருக்கும் பிஸ்டனும் லைனரில் உரசிக்கொண்டுதான் இருக்கு. கேஸை உள்ளே வெளியே தள்ளுவதிலும் கொஞ்சம் போகும். முழு லோடு கரண்டில் 10 சதவீதம் இப்படி மாறாத நஷ்டம்னு ஒரு தோராயம் வைப்போம். அப்போ 66-க்கு 70, 50-க்கு 55, 33-க்கு 40. முதல் படியில் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. கடைசிப் படியில் குளிர்ச்சியின் ஒவ்வொரு டன்னுக்கும் 20 சதவீதம் கூடுதலா கொடுக்கிறோம்.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் ஒரு லாபமும் இருக்கு, அதைச் சேர்த்தால்தான் கணக்கு நேர்மை. காயிலும் கண்டென்சரும் முழு லோடுக்குச் செய்தவை. பிரைன் மைனஸ் 10-ல் இருக்கு, முழு லோடில் அம்மோனியா மைனஸ் 15. மூன்றில் ஒரு பங்கு லோடில் ஐந்து டிகிரி வித்தியாசம் வேண்டாம், இரண்டே போதும், மைனஸ் 12. கண்டென்சரும் 40-க்குப் பதிலா 36-ல் நிற்கலாம். சக்ஷன் ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 3 சதவீதம், கண்டென்சர் ஒரு டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 2 சதவீதம் மிச்சம். இரண்டும் சேர்ந்து 15, 16 சதவீதம். அன்லோடரில் விட்டதை இதில் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

அப்போ நம்ம தடைக்கால ஐஸ் பிளாண்டுக்கு வருவோம். 30 சதவீத லோடு. ஒரு வழி, 93 கிலோவாட்டில் முழுசா 7.2 மணி நேரம் ஓட்டி நிறுத்துவது: 670 யூனிட். இன்னொரு வழி, மூன்றில் ஒரு பங்கில் 22 மணி நேரம் ஓட்டுவது: 37 கிலோவாட், 815 யூனிட், அதில் 15 சதவீதம் கழித்தால் 690. கிட்டத்தட்ட சமம்! ஆனால் கண்டென்சர் பம்ப்பும் ஃபேனும் ஒண்ணில் 7 மணி நேரம், இன்னொண்ணில் 22 மணி நேரம். அதைச் சேர்த்தால் நிறுத்தி ஓட்டுவதுதான் ஜெயிக்குது.

'ஆன் ஆஃப்' என்பது வீட்டு ஃப்ரிஜ்ஜுக்குத்தான், பெரிய மெஷினுக்கு அன்லோடர்தான் என்று பொதுவா சொல்வதை நான் முழுசா ஏத்துக்காததுக்கு இதுதான் காரணம். ஐஸ் பிளாண்டில் ஒரு பெரிய தொட்டி நிறைய மைனஸ் 10 டிகிரி உப்புத் தண்ணி இருக்கு, அதுக்குள்ளே பாதி உறைந்த நூற்றுக்கணக்கான கேன்கள். மெஷினை மூன்று மணி நேரம் நிறுத்தினால் பிரைன் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ராத்திரி காற்று குளிர்ந்திருக்கும்போது ஓட்டி, கரண்ட் ரேட் அதிகமான உச்ச நேரத்தில் நிறுத்தலாம். பால் குளிரூட்டும் நிலையங்களில் ஐஸ் பேங்க் தொட்டி வைப்பதும் இதே புத்திதான். பால் காலையும் மாலையும் இரண்டு மணி நேரத்தில் வந்து கொட்டும், மெஷின் மீதி நேரம் முழுக்க ஐஸைச் சேர்த்து வைக்கும்.

ஒரு எச்சரிக்கை: உயர் அழுத்த மின் இணைப்பில் யூனிட்டுக்கு மட்டும் இல்லை, மாசத்தின் உச்ச டிமாண்டுக்கும் காசு. நிறுத்தி ஓட்டினால் அந்த ஏழு மணி நேரம் முழு 93-ம் ஏறும். ஆனா ஒப்பந்த டிமாண்டில் ஒரு பெரிய பங்கை எப்படியும் கட்டியே ஆகணும் என்பதால் பல இடங்களில் இது பெரிய வித்தியாசம் செய்யாது. உங்க பில்லை எடுத்துப் பாருங்க.

சேமித்து வைக்கும் தொட்டி இல்லாத இடத்தில் கதை மாறும். இறால் உறைய வைக்கும் ஃப்ரீசர், கோல்ட் ஸ்டோரேஜ் அறைகள், ஏ.சி. சில்லர்: இங்கே லோடு மணிக்கு மணி மாறும், மெஷினைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஸ்டார்ட் பண்ண முடியாது. 110 கிலோவாட் மோட்டாரை ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் வைண்டிங் சூடாகும், காண்டாக்டர் தேயும். அங்கே அன்லோடர்தான் ராஜா. குறிப்பா 100-க்கும் 66-க்கும் நடுவில். கடைசிப் படியில் நாள் முழுக்க ஓட வேண்டியிருந்தால், அந்த பிளாண்டுக்கு ஒரு பெரிய மெஷினுக்குப் பதிலா இரண்டு சின்ன மெஷின் வாங்கியிருக்கணும் என்று அர்த்தம்.

ஃப்ரியான் பிளாண்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. அங்கே ஆயில் கேஸோடு கலந்து சுற்றி வரும். பாதி லோடில் சக்ஷன் பைப்பில் கேஸ் வேகம் குறைந்தால் மேலே ஏறும் பைப்பில் ஆயில் ஏறாமல் கீழேயே தங்கும், கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் தவிக்கும். அதுக்காகத்தான் ஒரு பெரிய பைப், ஒரு சின்ன பைப்னு இரட்டையா போடுவது. அம்மோனியாவில் ஆயில் கலக்காது, அடியில் தங்கும், வடித்து எடுக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அம்மோனியா நல்ல பிள்ளை.

கிளியரன்ஸ் பாக்கெட்

இப்போ அதிகம் கண்ணில் படாத ஒரு பழைய முறை. பிஸ்டன் உச்சிக்குப் போனாலும் தலையைத் தொடாது, நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருப்பாங்க. அதில் மாட்டிய கேஸ் வெளியே போகாது. பிஸ்டன் இறங்கும்போது அது விரிந்து, புது கேஸ் வர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். 4 சதவீத கிளியரன்ஸில், 6.6 விகிதத்தில், கணக்குப்படி 87 சதவீதம்தான் புது கேஸ். அந்த இடத்தை ஒரு வால்வ் திறந்து 15 சதவீதமா ஆக்கினால்? 51-க்கு இறங்கும். அழகு என்னன்னா, மாட்டிய கேஸ் விரியும்போது பிஸ்டனைக் கீழே தள்ளுது, தன்னை அமுக்கியதுக்கு வாங்கிய வேலையைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்குது. ஸ்பிரிங் மாதிரி. பழைய பெரிய படுக்கை வாட்ட அம்மோனியா மெஷின்களில் இது இருந்தது, இன்னைக்கும் இயற்கை எரிவாயு கம்ப்ரசர்களில் இருக்கு. குறை: விகிதம் சின்னதானால் பலன் குறையும். விகிதம் 3 என்றால் அதே 15 சதவீத கிளியரன்ஸிலும் 80 சதவீதம் கேஸ் வந்துவிடும். கண்டென்சர் குளிர்ந்த நாளில் கட்டுப்பாடு கையை விட்டுப் போகும்.

வி.எஃப்.டி.யும் எட்டில் ஒரு பங்கும்

இப்போ எல்லாரும் கேட்பது, 'ஒரு வி.எஃப்.டி. போட்டுடலாமா?' வேகத்தைக் குறைத்தால் கன அளவு குறையும், படியே இல்லாமல் லோடுக்குத் தகுந்த மாதிரி வரும். நீராவி எஞ்சின் காலத்துக்கே திரும்பிப் போகிறோம். நல்ல முறை. ஆனால் விற்க வருபவர்கள் கூடவே ஒரு கணக்கைக் கொண்டு வருவாங்க: வேகம் பாதி ஆனால் கரண்ட் எட்டில் ஒரு பங்கு. இது ஃபேனுக்கும் சென்ட்ரிபியூகல் பம்ப்புக்கும் பொருந்தும். அங்கே வேகம் குறைந்தால் எதிர்க்கும் அழுத்தமும் குறையும். பிஸ்டன் கம்ப்ரசருக்கு எதிரே நிற்பது கண்டென்சர் பிரஷர். அது பிஸ்டன் மெதுவா வருதேன்னு இரக்கப்படாது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் அதே வேலை. வேகம் பாதி என்றால் கரண்டும் பாதிக்குப் பக்கத்தில்தான். எட்டில் ஒரு பங்கை நம்பி 'ஒன்றரை வருஷத்தில் போட்ட காசு வந்துடும்'னு எழுதிக் கொடுத்த ஒரு கொட்டேஷனைப் பார்த்தேன். நேர்க் கணக்கில் போட்டால் அது அதைவிட ரொம்ப நீண்டு போச்சு. கடனில் ஓடும் ஒரு ஐஸ் கம்பெனிக்கு இது சின்ன விஷயம் இல்லை. உண்மையான லாபம் இரண்டு: மெதுவா ஓடும்போது உரசலும் குறையும் (அன்லோடரில் குறையாது), அதோட காயில், கண்டென்சர் வித்தியாசம் சுருங்கும் லாபம்.

எல்லை ஒண்ணு இருக்கு. ஆயில் பம்ப் அதே ஷாப்ட்டில்தான் சுற்றுது. ரொம்ப மெதுவா போனால் ஆயில் பிரஷர் விழும். ஆயில் விழுந்தால் அன்லோடர் ஸ்பிரிங் மேலே வந்து சிலிண்டர்கள் தானா அன்லோடு ஆகும், அப்புறம் ஏன் குளிர்ச்சி வரலைன்னு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். மோட்டாருக்கும் சிக்கல்: டார்க் குறையாததால் வைண்டிங் கரண்ட் ஏறக்குறைய அதேதான், ஆனால் மோட்டாரின் சொந்த ஃபேன் மெதுவா சுற்றும். சூடாகும். கம்ப்ரசர் செய்தவர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகவே கூடாது. நடுவில் சில வேகங்களில் அடித்தளமே அதிரும், அதைத் தாண்டிப் போகும்படி டிரைவில் செட் பண்ணணும். 30 சதவீதம் வேணும்னா வி.எஃப்.டி.யோடு ஒரு ஜோடிச் சிலிண்டரை அன்லோடும் பண்ணித்தான் ஆகணும்.

படி ஏறும்போது நடக்கும் விபத்து

கடைசியா, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சிலிண்டர்களை எப்போ லோடு பண்ணுவது? பொதுவா சக்ஷன் பிரஷரைப் பார்த்து. பிரஷர் ஏறினால் லோடு அதிகம், ஒரு ஜோடியைச் சேர். இறங்கினால் ஒரு ஜோடியை எடு. சேர்க்கும் புள்ளிக்கும் எடுக்கும் புள்ளிக்கும் நடுவில் இடைவெளி வேணும், ஒவ்வொரு படிக்கும் நடுவில் நேரமும் வேணும். இடைவெளி போதாவிட்டால், ஒரு ஜோடி சேர்ந்த உடனே பிரஷர் இறங்கும், உடனே எடுக்கும், உடனே ஏறும், உடனே சேர்க்கும். பின்களும் தகடும் அடித்துக்கொண்டே இருக்கும்.

அதைவிட மோசம், மூன்றில் ஒன்றிலிருந்து முழு லோடுக்கு ஒரே மூச்சில் தாவுவது. சக்ஷன் பிரஷர் சட்டென்று விழும். அக்குமுலேட்டரில் அமைதியா இருந்த அம்மோனியா திரவத்துக்கு இப்போ அந்த அழுத்தத்தில் இருக்க முடியாது, முழுசும் ஒரே நேரத்தில் கொதிக்கும். மூடியைத் திறந்த சோடா மாதிரி. நுரை பொங்கி சக்ஷன் பைப்பில் ஏறும். கேஸை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. பிஸ்டன் தலைக்கு மேலே திரவம் வந்தால் டிஸ்சார்ஜ் வால்வ் கூண்டையே தூக்கி அடிக்கும். அதுக்காகவே அந்தக் கூண்டின் மேல் ஒரு கனமான பாதுகாப்பு ஸ்பிரிங் இருக்கு. கொஞ்சம் வந்தால் அது தாங்கும், டக் டக்குன்னு சத்தம் கேட்கும். நிறைய வந்தால் தகடு உடையும், கனெக்டிங் ராட் வளையும், தலை கேஸ்கெட் கிழியலாம். கிழிந்தால் அறைக்குள் அம்மோனியா. ஐஸ் கம்பெனி இருப்பது பெரும்பாலும் குடியிருப்புக்கு நடுவில். அதனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் சில நிமிஷமாவது விடுங்க, ஸ்டார்ட் பண்ணினதும் சக்ஷன் வால்வை மெதுவா திறங்க. தடைக்காலம் முடிந்த முதல் நாள் எல்லாப் படகுக்கும் ஐஸ் வேணும்னு அவசரப்படும்போதுதான் இது மறந்துபோகும்.

அன்லோடர் வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க பிரிச்சுப் பார்க்க வேண்டியதில்லை. சக்ஷன் பிரஷர் நிலையா இருக்கும்போது ஒவ்வொரு சோலினாய்டா ஆஃப் பண்ணி ஆம்பியர் மீட்டரைப் பாருங்க. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கணும். ஒரு ஜோடிக்கு முள் அசையவே இல்லைன்னா இரண்டில் ஒண்ணு: அந்தச் சிலிண்டர்கள் எப்பவுமே லோடில் மாட்டியிருக்கு, இல்லை எப்பவுமே அன்லோடில் மாட்டியிருக்கு. எதுன்னு தெரிய, அன்லோடு ஆகியிருக்க வேண்டிய அந்தத் தலையின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்க. வேலை செய்யும் சிலிண்டர் தலை நல்லா சூடா இருக்கும், லீவில் இருப்பது தெளிவா குறைவா இருக்கும். பெரும்பாலும் காரணம் சின்னதுதான்: சோலினாய்டு காயில் எரிந்திருக்கும், ஆயில் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லை கருகிய ஆயிலில் வளையம் ஒட்டியிருக்கும். தடைக்காலத்தில் மெஷின் நிற்கும் ஏதாவது ஒரு மதியம் இதைச் செய்துவிடலாம்.